பிளஸ் டூவுக்குப் பிறகும் பிள்ளையைக் கைவிடாமல் இருப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளையின் படிப்பு அறுந்துபோகிற இடம் பெரும்பாலும் மே மாத ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறக்கும் நாளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. டி.சி. வாங்கியாயிற்று, பள்ளிக்குப் பொறுப்பில்லை. கல்லூரி இன்னும் கிடைக்கவில்லை. அந்த வாரங்களில்தான் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஆள் எடுக்கிற வேன் ஊருக்குள் வருகிறது, மாங்காய் மண்டியில் நல்ல கூலி கிடைக்கிறது, வைகாசி முகூர்த்தத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்போது போன் போட்டு "அப்ளிகேஷன் போட்டியா, என்ன ஆச்சு?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். பாடம் நன்றாக நடத்தியவரை மாணவர்கள் மதிப்பார்கள். பல வருடம் கழித்தும் "அவர் இல்லன்னா நான் இல்ல" என்று சொல்வது அந்த வாரங்களில் கூட நின்றவரைத்தான். எனவே இந்தக் கையேட்டில் அறிவுரை சொல்வது பற்றி அதிகம் இருக்காது. எந்த மாதம் எந்தக் காகிதம், யாரிடம் எப்போது பேசுவது என்பதே அதிகம்.

யாரை, எத்தனை பேரை

ஒரு ஆண்டுக்கு நான்கு பேர், மிஞ்சினால் ஐந்து பேர். நாற்பது பேருக்கும் வழிகாட்டுவேன் என்று தொடங்கினால் ஜூன் மாதம் ஒருவருக்கும் போன் பண்ண நேரம் இருக்காது. நான்கு பேரை நான்கு வருடம் தொடர்ந்தால் எந்த நேரத்திலும் பதினாறு பேர் கையில் இருப்பார்கள். வேலைக்குப் போகும் ஆசிரியருக்கு அதுவே அதிகம்.

முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளையை விட்டுவிடலாம். அவருக்குத் தலைமை ஆசிரியர் முதல் உறவினர் வரை எல்லோரும் இருக்கிறார்கள். நீங்கள் தேட வேண்டியது நடுவில் நிற்கும் பிள்ளையை. நூற்றுக்கு அறுபது, எழுபது எடுப்பார், வகுப்பில் சத்தம் இருக்காது. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கும். அக்காவுக்குப் பதினேழு வயதில் கல்யாணம் ஆகியிருந்தால் தங்கையைக் கட்டாயம் பட்டியலில் சேருங்கள். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள், சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள், இவர்களுக்கும் கூட ஒரு ஆள் தேவை. யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வகுப்பில் அறிவிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கே சொல்ல வேண்டியதில்லை.

நோட்டு

ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி ஒரு நீள நோட்டு போடுங்கள். மொபைலில் எழுதினால் மொபைல் மாற்றும்போது போய்விடும். பக்கத்தின் மேலே பள்ளிப் பதிவில் உள்ளபடி பெயர், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்), பிறந்த தேதி. அதன் கீழே நான்கு போன் எண்கள்: அப்பா, அம்மா, கூடவே இருக்கும் உறவினர் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் அல்லது ஊர் மளிகைக் கடைக்காரர். நான்காவது எண்தான் மே மாதம் உதவும். ரீசார்ஜ் தீர்ந்து மூன்று எண்ணும் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று சொல்லும்போது கடைக்காரர்தான் எடுப்பார். பிறகு, வீட்டில் யார் யார் எதுவரை படித்திருக்கிறார்கள், குடும்பம் எந்த மாதம் வேலைக்கு வெளியூர் போகும், எந்த மாதம் திரும்பும், என்னென்ன சான்றிதழ் கையில் இருக்கிறது. ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் எழுத வேண்டாம். நோட்டு தொலைந்தால் அது பிள்ளைக்கு ஆபத்து.

பத்தாம் வகுப்பு: பெயர்

இதில் சற்று நின்று நிதானமாக வேலை செய்யுங்கள், ஏனென்றால் இங்கே விடும் பிழை எட்டு வருடம் துரத்தும். பொதுத்தேர்வுக்கான நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுவோர் பெயர்ப்பட்டியல், தயாராகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அடிக்கடி வருவது இதுதான்: ஆதாரில் அப்பா பெயர் முனியப்பன், பள்ளியில் முனிராஜ். ஊரில் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான், கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள். அடுத்தது இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், பள்ளியில் முன்னால், வங்கியில் இனிஷியலே இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து கூடக்குறைய இருப்பதும் உண்டு.

நாமினல் ரோல் போவதற்கு முன்னால் என்றால் தலைமை ஆசிரியர் மூலமாகவே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை விண்ணப்பம் போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். கல்லூரி, உதவித்தொகை, டி.என்.பி.எஸ்.சி., பாஸ்போர்ட் எல்லாமே பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் மூலமாகப் பார்க்கும். எனவே பள்ளிப் பதிவைச் சரியாக நிறுத்திவிட்டு, ஆதாரை அதற்கேற்பத் திருத்தச் சொல்லுங்கள்.

தேர்வுகளில் எட்டாம் வகுப்புக்கான என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு மிகப் பயனுள்ளது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. பணத்தைவிட முக்கியம், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி நான்கு வருடம் ஓடியிருக்கும். அதன் பிறகு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, தேர்வானால் இளநிலைப் படிப்பு வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். இரண்டுக்கும் விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும் என்பதால் அறிவிப்பு வந்த அன்றே நோட்டைத் திறந்து பாருங்கள்.

பிளஸ் டூ, டிசம்பருக்குள்: சான்றிதழ்கள்

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. நான்கும் இ-சேவை மையத்தில், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். முதலில் கேன் எண் (இ-சேவைக்கான விண்ணப்பதாரர் எண்) பதிய வேண்டும், அதற்கு ஆதாரும் குடும்ப அட்டையும் ஓ.டி.பி. வருகிற போனும் தேவை. விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று நகரும். வி.ஏ.ஓ. மேசையில்தான் அதிகம் நிற்கும், காரணம் அவர் விசாரிக்கும்போது நேரில் பதில் சொல்ல ஆள் வருவதில்லை. பெற்றோரை அசல் ஆவணங்களோடு ஒருமுறை நேரில் போகச் சொல்லுங்கள்.

மே மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவார்கள், சர்வர் திணறும், தாசில்தார் அலுவலகத்தில் கோப்பு குவியும். டிசம்பரில் போட்டால் நிம்மதியாக வந்துவிடும். வருமானச் சான்று மட்டும் விதிவிலக்கு. பழையது செல்லாது என்று திருப்புவார்கள், அதனால் அதைச் சேர்க்கைக்கு நெருக்கமாக வாங்குங்கள்.

பழங்குடியினர் சான்று தாசில்தார் தருவதில்லை, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது சப்-கலெக்டர்தான் தருவார். விசாரணை நடக்கும், நாள் இழுக்கும். சித்தேரியின் மலையாளி பழங்குடிப் பிள்ளைகளுக்கும் அஞ்செட்டி பக்கத்து இருளர் பிள்ளைகளுக்கும் இதைப் பத்தாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். அப்பா அல்லது உடன்பிறந்தவரின் சான்று இருந்தால் இணையுங்கள். இல்லையென்றால் தாத்தாவின் பள்ளிப் பதிவு, நில ஆவணம் எதுவும் உதவும். பிளஸ் டூ முடிந்து ஓடினால் இடம் போய்விடும்.

முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டில் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது, கட்டணச் சலுகையும் வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணன் ஏற்கெனவே அதை வைத்துப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தால் தங்கைக்குக் கிடைக்காது. இதை முன்பே கேட்டு எழுதிவையுங்கள், கவுன்சிலிங் நாளில் தெரிந்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று தனி. 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றுக்கு 2021-லும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். பல பெற்றோருக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது, "இன்ஜினியரிங் நமக்கு எங்க சார்" என்று முதலிலேயே விலகிவிடுவார்கள். ஒரு வருடம் தனியார் பள்ளியில் படித்திருந்தால் தகுதி போய்விடும். ஆனால் ஆர்.டி.இ. (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்) இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் தகுதி உண்டு.

ரிசல்ட் நாளும் அதற்குப் பின்னும்

ரிசல்ட் வந்த அன்று மாலைக்குள் நான்கு பேரையும் கூப்பிடுங்கள். தோற்றவரை முதலில். அவரிடம் ஒரே ஒரு செய்தி: துணைத்தேர்வு சில வாரங்களில் வருகிறது, பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம், இந்த வருடமே கல்லூரி சேரலாம். அதற்கு மேல் அன்று எதுவும் பேச வேண்டாம். குரல் சரியில்லை என்று பட்டால் கடைக்காரர் எண்ணுக்குப் போட்டு வீட்டில் யாராவது கூட இருக்கச் சொல்லுங்கள். 104 எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசலாம், 14417 எண்ணில் படிப்பு பற்றிக் கேட்கலாம். இரண்டையும் பிள்ளையிடம் ஏப்ரலிலேயே கொடுத்துவையுங்கள்.

ஒரு பிள்ளைக்கு மூன்று விண்ணப்பம் குறையாமல் போட வேண்டும். ஒன்று அரசு கலைக் கல்லூரி. ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 2 ரூபாய் மட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அறுபது வருடப் பழமையான அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. இரண்டாவது, கணக்குப் படித்தவர் என்றால் பொறியியல் கலந்தாய்வு. பர்கூரில் 1994 முதலும், தருமபுரிக்குப் பக்கத்தில் செட்டிக்கரையில் 2013 முதலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. மூன்றாவது பாலிடெக்னிக் அல்லது ஐ.டி.ஐ. ஓசூரில் அந்தப் படிப்புக்கு உள்ள மதிப்பைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். உரிய பாடப்பிரிவில் பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணக்கு 78, இயற்பியல் 70, வேதியியல் 74 என்றால் 78 + 35 + 37 = 150. இதைப் பிள்ளையே தாளில் போட்டுப் பார்க்கட்டும். போன வருடம் எந்தக் கல்லூரியில் அந்த எண்ணுக்கு இடம் கிடைத்தது என்று கலந்தாய்வுத் தளத்தில் சேர்ந்து பாருங்கள்.

பெரிய சிக்கல் வருவது பிரவுசிங் சென்டரில். கடைக்காரர் அவசரத்தில் தன் மொபைல் எண்ணையும் தன் மெயிலையும் போட்டுவிடுவார். பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும், கடை பூட்டியிருக்கும், தற்காலிக ஒதுக்கீட்டை உறுதிசெய்ய ஓரிரு நாள்தான் அவகாசம். ஏப்ரலிலேயே பிள்ளையின் பெயரில் மெயில் தொடங்கி, பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லி, அந்தத் தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். ஓ.டி.பி. வரும் சிம் ரீசார்ஜில் இருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கேளுங்கள்.

வீட்டுக்குப் போய்ப் பேசுவது

ஒருவராகப் போகாதீர்கள். பெண் பிள்ளை வீடு என்றால் ஒரு ஆசிரியை கட்டாயம் வர வேண்டும். அப்பா வேலையிலிருந்து திரும்பிக் குளித்துச் சாப்பிட்ட பிறகு போங்கள். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள், பாயைப் போட்டால் உட்காருங்கள்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "பாப்பா படிச்ச வரைக்கும் போதுங்க சார். காலம் கெட்டுக் கெடக்கு. ஓசூர் கம்பெனில வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போறாங்க, ஹாஸ்டலும் இருக்கு." இதற்கு "படிப்புதான் முக்கியம்ங்க" என்று பதில் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுபோகும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். "சரிங்கண்ணா, ஏஜென்ட் சொல்ற சம்பளத்துல சாப்பாடு, ஹாஸ்டல், வேன் பிடிச்சது போக கைக்கு எவ்ளோ வரும்னு கேட்டீங்களா? எத்தன வருஷம் வேலை, எழுதிக் குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலும் அவருக்கும் தெரியாது.

பிறகு படிப்புப் பக்கத்துக் கணக்கு. அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, பஸ் பாஸ் இலவசம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பி.எஸ்சி. முடிக்கும் மூன்று வருடத்துக்கு 36,000. பையன் என்றால் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. சில பெரியவர்கள் இன்னும் தாலிக்குத் தங்கம் தரும் பழைய திருமண உதவித் திட்டத்தை நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது 2022-லேயே இந்த உயர்கல்வித் திட்டமாக மாறிவிட்டது என்பதைச் சொன்னால் கல்யாணப் பேச்சின் வேகம் கொஞ்சம் குறையும்.

அம்மாவிடம் தனியாக ஆசிரியை பேச வேண்டும். பயம் வேறு எங்கோ இருக்கும்: ஊர்க்காரர் பேச்சு, பஸ்ஸில் யாரோ பின்னால் வருவது, விடுதிக் கழிப்பறை. அதைக் கேட்டறியாமல் திரும்பாதீர்கள். விடுதி பயம் என்றால் அம்மாவை ஒருநாள் நேரில் அழைத்துக் காட்டுவதைவிட நல்ல வழி இல்லை.

பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை, கல்யாணத் தேதி குறித்தாயிற்று என்றால் சமாதானம் பேசி நாளைக் கடத்தாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அது குற்றம், நடத்திவைப்பவரும் பொறுப்பு. சொன்னவர் பெயர் வெளியே வராமல் சொல்லலாம்.

முதல் செமஸ்டர்

சேர்ந்தாயிற்று என்று விட்டுவிடுவதுதான் மிகவும் பரவலான தவறு. கல்லூரி தொடங்கிய மூன்றாவது வாரம், முதல் இன்டர்னல் முடிந்ததும், தீபாவளி லீவில், முதல் செமஸ்டர் ரிசல்ட் அன்று, இந்த நான்கு சமயம் கூப்பிடுங்கள். "நல்லா படிக்கிறியா?" என்று கேட்டால் "படிக்கிறேன் சார்" என்பதற்கு மேல் எதுவும் வராது. "கிளாஸ்ல யார் பக்கத்துல உக்கார்ற? இன்னிக்கு மெஸ்ல என்ன போட்டாங்க? எந்த சார் நடத்துறது புரியல?" என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார ஆள் பெயர் வரவில்லை என்றால் அந்தப் பிள்ளை தனியாக இருக்கிறது, மறு வாரமும் கூப்பிட வேண்டும்.

தமிழ் வழியில் படித்துப் பொறியியல் போனவர்கள் முதல் செமஸ்டர் கணக்கில் தடுக்கி விழுவார்கள். கணக்கு வராததால் அல்ல, சொற்கள் ஆங்கிலத்தில் வருவதால். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை ஜூன் மாதமே எடுத்து, தெரிந்த பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கச் சொல்லுங்கள். பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அரியர் விழுந்தால் வீட்டில் சொல்லப் பயந்து கல்லூரியையே விடுவார்கள். அதனால் அரியர் வருவதற்கு முன்பே, "ஒன்னு ரெண்டு விழலாம், அடுத்த முறை எழுதி எடுத்துடலாம், விழுந்தா மொதல்ல எனக்குச் சொல்லு" என்று சொல்லிவையுங்கள்.

மாதம் 1,000 வரவில்லை என்று போன் வரும். வரிசையாகப் பாருங்கள்: கல்லூரியின் யூமிஸ் (கல்லூரி மாணவர் தகவல் தளம்) பதிவில் எமிஸ் எண் சரியாக ஏறியிருக்கிறதா, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு எது, அது உயிரோடு இருக்கிறதா. பல நேரம் பணம் வந்திருக்கும், பிள்ளை பார்க்கும் கணக்கில் இருக்காது. கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்ததோ அதற்குத்தான் போகும்.

அதே கல்லூரியில் அதே பக்கத்து ஊர் சீனியர் ஒருவரின் எண்ணைக் கொடுப்பது உங்கள் பத்து போனுக்குச் சமம். பெண்ணுக்குப் பெண் சீனியர். உங்கள் பழைய நோட்டிலேயே அந்தப் பெயர் இருக்கும். சீனியரிடம் வேலையைத் தெளிவாகச் சொல்லுங்கள்: முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து வகுப்பு வரை கூட்டிப் போக வேண்டும், பழைய புத்தகம் தர வேண்டும், மாதம் ஒருமுறை கேன்டீனில் பேச வேண்டும். "பார்த்துக்கோ" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பார்ப்பதில்லை.

எல்லை

பதினெட்டு ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் எண்ணில்தான் கூப்பிட வேண்டும், ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் அவசரம் தவிர வேண்டாம். தனியாகச் சந்திப்பது, வண்டியில் ஏற்றிப் போவது, தனி வாட்ஸ்அப் பேச்சு எதுவும் வேண்டாம். நீங்கள் எவ்வளவு நல்லவர் என்பது இதில் பேச்சே இல்லை, பிள்ளைக்கு எல்லா ஆசிரியரிடமும் ஒரே விதி தெரிந்திருந்தால்தான் தவறாக நடப்பவரை அது அடையாளம் காணும். பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் ரகசியமாக வைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தாக வேண்டும்.

கையிலிருந்து கடன் கொடுக்காதீர்கள். கடன் வாங்கிய பிள்ளை திருப்பித் தர முடியாத மாதத்திலிருந்து போனை எடுக்காது, உறவு அங்கே முடிந்துவிடும். விண்ணப்பக் கட்டணம் போன்ற சிறு தொகையைக் கொடுத்தால் கொடுத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆண்டிலிருந்து

இங்கிருந்து நீங்கள் பின்னால் நகர வேண்டும். நான்கு அழைப்பு இரண்டாகக் குறையட்டும், பிறகு அவர்களே கூப்பிடட்டும். நீங்கள் வேதியியல் ஆசிரியர் என்பதால் அவர் எம்.எஸ்சி. வேதியியல் போக வேண்டியதில்லை. முடிவு கேட்டு வந்தால் இரண்டு தாள் கொடுத்து, ஒவ்வொரு வழிக்கும் செலவு, காலம், வீட்டு நிலைமை மூன்றையும் அவரையே எழுதச் சொல்லி, எழுதியதைப் பற்றி மட்டும் பேசுங்கள். பி.எட்., குரூப் தேர்வு, காவலர் தேர்வு என்று எந்தப் பக்கம் போனாலும் அந்தத் துறையில் உள்ள உங்கள் பழைய மாணவர் ஒருவரின் எண்ணைத் தருவது உங்கள் கருத்தைவிடப் பயன்படும்.

வேலை கிடைத்த முதல் மாதம் இனிப்போடு வருவார்கள். அன்றைக்கே, தள்ளிப்போடாமல், இந்த வருடப் பிளஸ் டூ பிள்ளைகளில் ஒருவரின் பெயரைச் சொல்லி, ரிசல்ட் அன்று கூப்பிடும் பொறுப்பை ஒப்படையுங்கள். பெற்றோரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிவிட்டு எண்ணைக் கொடுங்கள்.

மாறுதல் வந்தாலும் ஓய்வு வந்தாலும் அந்த நோட்டை அலமாரியில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். பள்ளியில் இருக்கும் பிள்ளைகளின் பக்கங்களை, பெற்றோரிடம் சொல்லிவிட்டு, அடுத்து வரும் ஆசிரியரிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விளக்கிக் கொடுங்கள். கல்லூரிக்குப் போய்விட்டவர்களின் பக்கங்கள் உங்களோடு வரட்டும். உங்கள் எண்ணை மட்டும் மாற்றாதீர்கள்.